எச்சில் காற்று

என் மருமகனைக் கடற்கரையில் எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது; கல்யாணத்தன்று காதில் விழுந்ததோடு சரி. ஆமை என்றதும் மந்தபுத்தி என்று நினைத்துவிடக் கூடாது. கரையில் அவர் மந்தம்தான், ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் தண்ணீருக்குள் அந்த மந்தம்தான் அவருடைய வித்தை. மற்றவர்கள் நாலு மூச்சு இழுக்கிற நேரத்தில் அவர் ஒன்று இழுப்பார். அதையும் இழுத்த மாதிரியே இருக்காது.

முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்தவர் வாயைத் திறக்கவில்லை. என் மகள் உள்ளே ஓடிவந்து, "அம்மா, இவர் மூச்சு விடுறாரா இல்லையான்னே தெரியல. கிள்ளிப் பாக்கவா?" என்றாள். கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள் என்று பிற்பாடு நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். சிரிக்கிற காலம் அது.

அவருக்கு வேலை, கடலுக்கடியில் ஊர் சுற்றிக் காட்டுவது. எங்கள் தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போட்ட மாதிரி நிற்கிறது. வேலிக்கு வெளியே, கடல் சட்டென்று இறங்குகிற இடத்தில், ஒரு சரக்குக் கப்பல் மூழ்கி ஒருக்களித்துக் கிடக்கிறது. அதன் வயிறெல்லாம் பவளம் பூத்துவிட்டது, எந்திர அறைக்குள் மீன் குடும்பம் நடத்துகிறது என்பார்கள். நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, மருமகன் பின்னால் வாத்துக் குஞ்சுகள் மாதிரி போவார்கள்.

கடை அவருடைய அண்ணனுடையது. பெரியவன் என்று சொல்வோம். படகுத்துறையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. ஒரு மூலையில் காற்று அடைக்கிற கம்ப்ரசர், சுவரோரம் சிலிண்டர் வரிசை, நடுவே ரப்பர் உடைகளை அலசும் தொட்டி. அலசுவது என் மகள். கிழிந்ததைத் தைத்து ஒட்டுவது நான். கொட்டகைக்குப் பின்னால், கம்ப்ரசர் சுவருக்கு அந்தப் பக்கம், நாங்கள் குடியிருந்த இரண்டு அறை. அதுவும் பெரியவனுடையதுதான். கம்ப்ரசர் ஓடினால் எங்கள் அலமாரிப் பாத்திரமெல்லாம் பேச ஆரம்பிக்கும். ஓடாவிட்டால் தூக்கம் வராது, அப்படிப் பழகிப் போயிருந்தோம்.

இப்போது அந்தக் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடைத்து நிறைத்த சிலிண்டரின் கழுத்தில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும். அது காசு கொடுத்து வருகிறவர்களுக்கு. அவர்களில் பயந்தவன், காது வலிக்காரன், வாந்திக்காரன் எல்லாம் பாதியிலேயே மேலே வந்துவிடுவான். அந்த சிலிண்டர்களில் பாதிக் காற்று மிச்சம் இருக்கும். நாடா இல்லாத அந்த மிச்சத்தைக் கட்டிக்கொண்டுதான் மருமகன் அடுத்த முறை இறங்க வேண்டும். அதை மறுபடி நிறைத்தால் டீசல் செலவாம். பெரியவன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். மிச்சக் காற்றை வீணாக விடுவானா?

அதற்கு எச்சில் காற்று என்று பெயர் வைத்தது நான்தான். பெரியவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"அத்தை, காத்துக்கு ஏது எச்சில்? ஊர்ல இருக்கிற காத்து எல்லார் வாயிலயும் போயிட்டு வர்றதுதானே?"

"அப்ப நான் பாதி குடிச்ச டீயைத் தரட்டுமா, குடிக்கிறியா?"

"சர்க்கரை தூக்கலா இருந்தா குடுங்க, குடிக்கிறேன்."

பேச்சில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. கொட்டகையே சிரித்தது. மருமகனும் சிரித்தார். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான். அவருக்கு அந்த எச்சில் காற்றில் ஒரு பெருமை. சாயங்காலம் துறையில் எல்லாக் கடை வழிகாட்டிகளும் உட்கார்ந்து, இன்று யார் எவ்வளவு காற்றை மிச்சம் பிடித்து வந்தோம் என்று பேசுவார்கள். அதுதான் அவர்களுக்குள்ளே சாதனை. நிறைந்ததோடு போனவர்கள் கால்வாசி கொண்டுவந்தால், பாதியோடு போன என் மருமகனும் கால்வாசி கொண்டுவருவார். பக்கத்துக் கடை நெத்திலி, ஒல்லியாக எலும்பும் தோலுமாக இருப்பான், காலைத் தொட்டுக் கும்பிடுவது போல் நடிப்பான். "ஆமை அண்ணே, நீங்க கடல்ல மூச்சு விடுறீங்களா, இல்ல மேல வந்து மொத்தமா விடுறீங்களா?" மருமகன் முகம் மலர்ந்துவிடும். படிப்பில்லை, சொந்த வீடில்லை, சொந்தப் படகில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

வயது நாற்பதைத் தாண்டியது. உடம்பு யாரைக் கேட்டுக்கொண்டு மாறுகிறது? வயிறு கொஞ்சம் விழுந்தது. அவருடைய ரப்பர் உடையை இடுப்பில் நான் இரண்டு முறை பிரித்து ஒட்டுப் போட்டேன். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு துறைப் படியில் ஏறும்போது மேல் படியில் நின்று, கடலைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது, அதை மறைக்கிறார் என்று என் மகளுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. சாயங்காலப் பேச்சுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

"ஏங்க, உங்க அண்ணன்கிட்ட நிறைஞ்ச சிலிண்டர் கேளுங்க. பாறைக்குப் போறப்ப வேண்டாம். அந்தக் கப்பலுக்குப் போறப்பவாவது கேளுங்க" என்று என் மகள் கெஞ்சினாள். ஆழம் போகப் போக ஒவ்வொரு மூச்சும் கூடுதல் காற்றைக் குடிக்கும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அது அப்படித்தான்.

"கேட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்? தருவாரு, இல்ல திட்டுவாரு."

"தருவான். தந்துட்டுத் துறை பூரா சொல்லுவான், ஆமைக்கு மூச்சு போயிடுச்சுன்னு."

இதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை. பேசாத மனிதனின் பிடிவாதம் பேசுகிறவனுடையதைவிட மோசம். ஆனால் பிடிவாதத்தில் நானும் யாருக்கும் இளைத்தவள் இல்லை.

பல் டாக்டர் ஒருவர் அந்தக் கப்பலைப் பார்க்க வந்திருந்தார். ஆள் பெரிய உருவம். எந்திர அறைக்குள் போயே தீருவேன் என்று நின்றார். "டாக்டரே, இருட்டா இருக்கும், குறுகலா இருக்கும்" என்று மருமகன் சொன்னதற்கு, "நான் தினமும் பாக்குறதே இருட்டும் குறுகலும்தான்பா" என்று தன் வாயைத் திறந்து காட்டிச் சிரித்தார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

அன்று காலையில் மருமகன் ஏற்கெனவே ஒரு கூட்டத்தைப் பாறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பியிருந்தார். அடுத்த இறக்கம் கப்பல். அவர் உடை மாற்றப் போன நேரம் பார்த்து நானும் என் மகளும் மஞ்சள் நாடா ஒட்டிய சிலிண்டர் ஒன்றைச் சாய்த்து உருட்டிக்கொண்டு துறைக்குப் போனோம். கனம் என்றால் அப்படி ஒரு கனம். படகில் அவர் இடத்தில் இருந்த மிச்ச சிலிண்டரை எடுத்துவிட்டு இதை வைத்தோம். பெரியவன் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. நெத்திலி கவனித்துவிட்டான். பக்கத்துப் படகிலிருந்து கத்தினான்:

"ஆமை அண்ணே, ஓடி வாங்க! உங்க மாமியார் உங்களுக்குப் பால் புட்டி கொண்டாந்திருக்காங்க!"

துறையே திரும்பிப் பார்த்தது. அத்தனை வழிகாட்டிகளும் சிரித்தார்கள். மருமகன் வந்தார். நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"அத்தை, தைக்கிற வேலையைப் பாருங்க" என்றார்.

நிறைந்த சிலிண்டரைத் தானே தூக்கிக் கரையில் வைத்தார். மிச்ச சிலிண்டரைத் தானே படகில் ஏற்றினார். அவர் கையால்தான் செய்தார். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கை அப்படிச் செய்வதற்கு எத்தனை வருஷம் பழக்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

கீழே நடந்ததில் பாதி பல் டாக்டர் சொன்னது, பாதி மருமகன் பிறகு என் மகளிடம் சொன்னது. எந்திர அறைக்குள் டாக்டரின் கால் பட்டு, காலகாலமாகப் படிந்திருந்த சேறு எழும்பிவிட்டது. விளக்கு இருந்தும் கை தெரியவில்லை. டாக்டர் மிரண்டு, குழாயில் காற்றை வாரி வாரி இழுத்தார். மருமகன் அவர் கையைப் பிடித்து, சுவரைத் தடவித் தடவி வெளியே கொண்டுவந்தபோது டாக்டரின் சிலிண்டர் காலி. வழிகாட்டியின் சிலிண்டரில் இரண்டாவது குழாய் ஒன்று இருக்கும், இந்த மாதிரி நேரத்துக்கென்றே. அதை டாக்டர் வாயில் திணித்தார். பாதிச் சிலிண்டரை இரண்டு பேர் குடித்தார்கள். அதில் ஒருவர் யானை மாதிரி.

ஆழத்திலிருந்து ஏறும்போது மெதுவாக, வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். சோடா புட்டியைக் குலுக்கித் திறந்தால் பொங்குவது போல, அவசரமாக ஏறினால் ரத்தத்தில் குமிழி கிளம்பிவிடும். நிற்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே காற்று தீர்ந்தது. இரண்டு பேரும் நேரே மேலே பாய்ந்தார்கள். டாக்டருக்கு மூக்கில் ரத்தம் வந்ததோடு போயிற்று. அன்றைக்கு அவர் இறங்கினது அதுதான் முதல் தடவை. மருமகன் உடம்பில் காலையில் இறங்கி ஏறியதும் சேர்ந்திருந்தது.

படகில் ஏறி உட்கார்ந்ததுமே அவருக்குக் கால் மரத்தது. மற்ற வழிகாட்டி யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மருமகனே அவனைப் படுக்க வைத்து, காற்று கொடுத்து, படகைத் திருப்பச் சொல்லியிருப்பார். தனக்கு வந்தபோது என்ன சொன்னார் தெரியுமா?

"ஒண்ணுமில்லண்ணே. அத்தை ஒட்டுப் போட்ட இடம் இடுப்பை இறுக்குது. அதான் கால் மரத்துப்போச்சு."

பெரியவனுக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது. படகில் இன்னும் நாலு பேர் பாறையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். "சரி, உடையைக் கழட்டிட்டு நிழல்ல படு" என்று சொல்லிவிட்டுப் படகைப் பாறைக்கு ஓட்டினான். அவர்களை இறக்கி, அவர்கள் மேலாக மிதந்து மீன் பார்த்து முடித்து, ஏற்றிக்கொண்டு வர வெயில் சாய்ந்துவிட்டது. டாக்டர் மட்டும், "திரும்பிடலாமே, அவருக்கு முகமே சரியில்ல" என்றாராம். "அவன் ஆமை சார், அவன் முகமே அப்படித்தான்" என்றானாம் பெரியவன்.

துறைக்கு வந்தபோது மருமகன் எழுந்து நிற்கப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றுமே இல்லை. ஈரத் துணி மாதிரி இரண்டு கால். கரையில் தூக்கி வைத்தபோது அவருடைய ரப்பர் உடையை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். என் கை முழுசாக உள்ளே போயிற்று. இறுக்கமே இல்லை.

அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்படிப்பட்டவர்களை இரும்பு அறைக்குள் படுக்க வைத்து, கடலுக்கடியில் இருக்கிற அழுத்தத்தைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். உடனே வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பித்தார். என் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கால் திரும்பவில்லை.

விசாரிக்க ஒரு கடல் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு முந்தின நாள் பெரியவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தம்பி காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அழுது முகத்தைத் துடைத்தவன், கட்டிலில் உட்கார்ந்தான்.

"தம்பி, மிச்ச சிலிண்டர்ல அனுப்புனேன்னு தெரிஞ்சா கடையைப் பூட்டிடுவாங்க. கடை போச்சுன்னா பின்னாடி இருக்கிற வீடும் போச்சு. உன் பொண்டாட்டிக்கு வேலையும் போச்சு."

தம்பியின் கால் மேல் போர்வையை இழுத்துவிட்டான்.

"கடை இருந்தா நீ கடைசி வரைக்கும் எங்கூடதான். கொட்டகையில உனக்குன்னு ஒரு நாற்காலி. அம்மா மேல சத்தியம்."

"காத்து எங்க போச்சுன்னு கேட்டா என்ன சொல்றதாம்?" என்றாள் என் மகள்.

"கூட இழுத்துட்டான்னு சொல்லுவோம். மனுசன்தானே."

"நான் கூட இழுக்க மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியுமேண்ணே" என்றார் மருமகன்.

"அதனாலதான்டா, நீயே சொன்னா நம்புவாங்க."

மறுநாள் அதிகாரி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல மரியாதையாகத்தான் கேட்டார். சிலிண்டர் நிறைந்ததா, குறைந்ததா? மருமகன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எச்சில் காத்துங்க ஐயா."

"என்னம்மா அது, எச்சில் காத்து?"

நாடா, மிச்சம், டீசல் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவன் கதவோரம் நின்று தரையைப் பார்த்தான். என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அதிகாரி மருமகன் பக்கம் திரும்பினார்.

"உங்க மாமியார் சொல்றது சரியா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அத்தை கரையில உக்காந்து உடை தைக்கிறவங்க சார். எது நிறைஞ்சது எது குறைஞ்சதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நிறைஞ்ச சிலிண்டர்தான். நான்தான் பதறிப் போய் அதிகமா இழுத்துட்டேன். காத்து மீட்டரைப் பாக்கல."

"மாப்பிள்ளை!" என்றேன்.

"அத்தை, வாயை மூடுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. வழிகாட்டி அட்டையை ரத்து செய்தார்கள். கால் விளங்காதவருக்கு அந்த அட்டை எதற்கு என்று கேட்கலாம். அவருக்கு அது வேண்டியிருந்தது. அதைக் கொண்டா என்று கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். பெரியவன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

துறையில் பேச்சு ஒரே நாளில் மாறியது. நிறைந்த சிலிண்டரைக் காலி பண்ணிய ஆமை! நாடா ஒட்டியதை அவர் கரையில் இறக்கி வைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட, பிறகு யாருக்கும் தெரியாமல் வேறொன்றை ஏற்றியிருப்பார், அவரே சொல்கிறாரே என்றார்கள். இத்தனை வருஷம் மிச்சம் பிடித்ததெல்லாம் அப்போது புளுகுதானே, யார் போய்ப் பார்த்தார்கள் என்றார்கள். ஓட்டை பலூன் என்று புதுப் பெயர் வைத்தார்கள். வைத்தது நெத்திலிதான். அவனைத்தான் பெரியவன் மருமகனுடைய இடத்தில் வேலைக்கு வைத்தான். முதல் நாள் அவன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "பாட்டி, உண்மையிலேயே அது நிறைஞ்ச சிலிண்டர்தானா?"

"இல்லடா. மிச்சம். நீ நிறைஞ்சது கேளு."

அவன் சக்கர நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தான். மருமகன், "நிறைஞ்சதுதான்" என்றார். நெத்திலி நாடா இல்லாத சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மிச்சக் காற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவனுக்கு இப்போது நிச்சயம்.

பெரியவன் வாக்குத் தவறவில்லை. கொட்டகையில் நாற்காலி போட்டான். ஒவ்வொரு நாளும் படகு கிளம்பும் முன் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். பெரியவன் அவர்களை வரிசையாக உட்கார வைப்பான். தள்ளாதே, தொடாதே, வழிகாட்டியை விட்டு விலகாதே என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் கையை நீட்டுவான்.

"மீட்டரைப் பாக்காம, பேராசையா காத்தை இழுத்தா என்ன ஆகும்னு அங்க பாருங்க. என் சொந்தத் தம்பி. என்னைக்காவது நான் பொய் சொல்வேனா?"

எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். என் மகளால் தாங்க முடியவில்லை. அலசிக்கொண்டிருந்த உடையைத் தொட்டியில் எறிந்துவிட்டு ஓடினாள், நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து வீட்டுப் பக்கம் தள்ளினாள். பெரியவன் அப்போதுதான் பவளத்தைத் தொடாதே என்கிற இடத்தை மறுபடி ஆரம்பித்திருந்தான். தாமதமாக வந்த இரண்டு பேருக்காக முதலிலிருந்து சொன்னான்.

மருமகன் இரண்டு கையாலும் சக்கரத்தை இறுகப் பிடித்து நிறுத்தினார்.

"விடு" என்றார் அவளிடம், மூச்சு வாங்க. "அண்ணன் இன்னும் என்னைக் கைகாட்டுற இடத்துக்கு வரல."